ஜப்பானுக்குப் பொண்ணு பாக்கப் போற பேராண்டிக்கு

பேராண்டி, "தாத்தா, கம்ப்யூட்டர் கேமுக்குத் தள்ளுபடி போட்டிருக்கான். ஜப்பான் ஆர்பிஜி ஒண்ணு வாங்கணும். சண்டையும் இருக்கணும், பொண்ணும் இருக்கணும். எத்த வாங்கட்டும்?"னு போன்ல கேட்ட பாரு, அப்போ உங்கப்பன் பக்கத்துல நின்னு தலையில அடிச்சிகினான். நான் அடிச்சிக்கல. நம்ம வூட்டுப் பையன் பொண்ணு பாக்க ஜப்பான் வரைக்கும் கெளம்பறான்னா, தொணைக்குப் பெரியவன் ஒருத்தன் போவ வாணாமா?

எனக்கு இன்னா தெரியும்னு கேப்ப. போன கோடை லீவுக்கு வந்தப்ப, நீ கட்டில்ல குந்திகினு ஆடினதையெல்லாம் பின்னால இருந்து பாத்தவன் நான் தான். நீ சோறு திங்கப் போனப்ப நானும் நாலு பொத்தானை அமுக்கினேன். உங்கம்மாகிட்ட சொல்லிடாத.

மொதல்ல உன் கூட்டாளிங்க இது என்னமோ புதுசுன்னு பேசறத நிறுத்தணும். நம்ம செஞ்சிப் பக்கம் மேலச்சேரி இருக்குதே, திரௌபதி அம்மனுக்கு அதான் தாய்க்கோயில். பங்குனி, சித்திரை வந்தா இந்த ஜில்லாவுல ஊருக்கு ஊர் பாரதம் வைப்பாங்க, விடிய விடியக் கூத்து. அதுல அர்ச்சுனன் கதை இன்னா? கூட்டாளி அஞ்சு பேரு. காட்டுல அலைச்சல். நடுவுல ராட்சசன் வந்தா அடி. நல்ல ஆயுதம் வேணும்னா தபசு மரம் ஏறணும். வேஷம் கட்டினவன் மேல ஏறி நின்னு பாடிகினே எலுமிச்சம்பழத்தை வீசுவான், கீழ பொம்பளைங்க மடி ஏந்துவாங்க. தீர்த்த யாத்திரைன்னு போனவன் உலூபி, சித்ராங்கதை, சுபத்திரைன்னு மூணு கல்யாணத்த முடிச்சிகினு வந்தான். அதுவும் பத்தாதுன்னு நம்மாளுங்க அல்லியையும் பவளக்கொடியையும் சேத்து வச்சிட்டாங்க. ஜப்பான்காரன் டிராகன் குவெஸ்ட் மொத பாகத்த விட்டதே 1986ல தான். காப்பி அடிச்சான்னு சொல்ல மாட்டேன். கோர்ட்டுக்குப் போனா நமக்கும் ஒரு பங்கு வரும், அவ்ளோதான்.

மயிலம் முருகனையும் மறந்துடாத. தினைப்புனத்துல கிளி ஓட்டிகினு இருந்த வள்ளிகிட்ட மொதல்ல வேடனா போனாரு, வேலைக்கு ஆவல. வேங்கை மரமா நின்னாரு, அதுவும் ஆவல. கடைசியில கெழவனா போயி, தேனும் தினைமாவும் வாங்கித் தின்னுட்டு, அண்ணனை ஆனையா வரவழைச்சு வேலைய முடிச்சாரு. மூணு வேஷத்துல ஜெயிச்சது எது? கெழவன் வேஷம். ஆகவே கெழவன் சொல்றத ஒழுங்கா கேளு.

டிராகன் குவெஸ்ட் அஞ்சாம் பாகம் 1992ல வந்தது. உன் போன்லயே ஓடும், புது மிஷின் கேட்டு அப்பன் உசுர வாங்க வாணாம். அதுல ஒரு பையன் அப்பனோட ஊர் ஊரா திரியறான். பியாங்கான்னு ஒரு பொண்ணு, சின்ன வயசு சினேகிதம். ரெண்டு பேரும் ராத்திரியில பேய் பங்களாவுக்குள்ள போயி ஒரு குட்டியக் காப்பாத்தறாங்க. அப்பால பையனுக்கு ரொம்பக் கஷ்டகாலம், பத்து வருஷம் அடிமையா கல்லு சுமக்கறான். தப்பிச்சு வெளிய வந்தா ஒரு பணக்காரன் சொல்றான், "நெருப்பு மோதிரமும் தண்ணி மோதிரமும் கொண்டாறவனுக்குத் தான் எம்பொண்ணு ஃப்ளோரா." நெருப்பு மோதிரம் எரிமலைக்குள்ள கெடக்குது. அத்த எடுத்துகினு, தண்ணி மோதிரத்துக்குப் படகுல போவச்சொல்ல வழியில ஒரு மலையூரு. அங்க ஒடம்பு முடியாத அப்பனைப் பாத்துகினு பியாங்கா இருக்கறா. வேற ஒருத்தியைக் கட்டத்தான் இவன் மோதிரம் தேடறான்னு தெரிஞ்சும், "நானும் கூட வரேன்"னு படகுல ஏறிடறா. அந்த எடத்துல நீ மோர் குடிக்க எழுந்து போயிட்ட. நான் மேல்துண்டால கண்ணைத் தொடச்சிகினேன்.

தண்ணி மோதிரத்தோட திரும்பி வந்த மறுநாள் ஃப்ளோராவா பியாங்காவான்னு நீ சொல்லியாகணும். முப்பது வருஷம் ஆச்சு, ஜப்பான்ல இந்தச் சண்டை இன்னும் ஓயல. ஃப்ளோராவக் கட்டினா மாமனார் வூட்டுச் சீரு வரும், பெரிய மந்திரமெல்லாம் அவளுக்கு வரும். பியாங்கா கையில ஒண்ணும் கெடையாது. சின்னப் பசங்க எல்லாம் இதோட கணக்க முடிச்சிடறானுங்க. நான் சம்பந்தம் பேசிப் பழகினவன், இன்னொரு கணக்கு போடுவேன். ஃப்ளோராவுக்காக அதே ஊர்ல ஒரு பையன் எரிமலைக்குள்ள போயி வெந்து வந்து படுத்துக் கெடக்கறான். நீ பியாங்காவக் கட்டினா அந்தப் பையனுக்கு ஃப்ளோரா கெடைச்சிடுவா. ரெண்டு கல்யாணம், ரெண்டு பந்தி. நீ ஃப்ளோராவக் கட்டினா ஒரு கல்யாணம் தான், பியாங்கா மலையூர்லயே தங்கிடுவா. எந்தப் பெரியவனைக் கேட்டாலும் இன்னா சொல்லுவான்?

இன்னொரு சங்கதி. இவ்ளோ அடிபட்டும் ஹீரோ நீ இல்லடா. வானத்து வாளைத் தூக்கப் பொறந்தவன் உம்புள்ள. நீ கட்டறவ எப்படியோ, புள்ளைங்களுக்கு முடி நெறமும் அப்படி மாறும். இத்த முன்கூட்டி சொல்லக் கூடாதுன்னு கத்தாத. இதே சேதியத்தான் உங்கப்பன் உனக்கு ஃபீஸு கட்டும்போதெல்லாம் சொல்லிகினு இருக்கான்.

அடுத்தது பெர்சோனா நாலு. 2008ல வந்தது. 'கோல்டன்'னு பெரிசாக்கி 2012ல விட்டாங்க, 2020ல கம்ப்யூட்டருக்கும் வந்துடுச்சு. அத்தையே வாங்கு. டவுன்ல படிக்கற பையன் ஒரு வருசத்துக்கு மாமன் வூட்ல தங்க இனாபாங்கற சின்ன ஊருக்கு ரயிலேறி வரான். நம்ம திண்டிவனத்தைப் பேத்து ஜப்பான்ல நட்ட மாதிரி இருக்குது அந்த ஊரு. மாமன் போலீஸ்காரன், பொழுதோட வூடு வந்து சேர மாட்டான். சின்னப் பொண்ணு நானாகோ தனியா டிவி பாத்துகினு குந்தியிருக்கும். ஜூனெஸ்னு பெரிய கடை ஒண்ணு வந்துட்டதால கடைத்தெருவுல ஒவ்வொரு கடையா மூடறான். இத்த ஜப்பான்காரன் சொல்லித் தான் நமக்குத் தெரியணுமா? நம்ம நேரு வீதியில நடந்தாலே தெரியும்.

உனக்கு வேண்டியது பொண்ணுங்க தானே, இருக்குதுங்க. யுகிகோ சத்திரம் நடத்தற குடும்பத்துப் பொண்ணு. அந்தச் சத்திரத்தைத் தன் தலையில கட்டிடுவாங்கன்னு உள்ளுக்குள்ள புழுங்கிகினு கெடக்கறா. ரிசே பாட்டுப் புகழெல்லாம் போதும்னு பாட்டியோட டோஃபு கடைக்கு வந்துட்டா. சியேவுக்குக் கறின்னா உசுரு. தலைமுடி தான் ஒண்ணு ஒரு நெறம், கண்ணு பாதி மூஞ்சிக்கு இருக்குது. அத்த விடு, அவுங்க ஊரு வழக்கம்.

ஆனா அங்க ஒரு சட்டம் இருக்குது, எனக்குப் புடிச்சதே அது தான். காலண்டர் ஓடிகினே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டா ஒரு சாயங்காலம், அதுல ஒரே ஒரு வேலை. யுகிகோவோட போனா சியேவோட போவ முடியாது. படிக்க குந்தினா ரெண்டு பேரோடயும் போவ முடியாது. மழை வந்தா பாதிப் பேரு கண்ணுலயே பட மாட்டாங்க. ஹோட்டல்ல மழை நாளைக்குன்னே ஒரு பெரிய கிண்ணம் மாட்டுக்கறிச் சோறு வைப்பான், அத்த முழுங்கினா தைரியம் ஏறுமாம். தைரியம், அறிவு, பொறுமைன்னு எல்லாத்துக்கும் மார்க்கு. மார்க்கு பத்தலன்னா சில பேருகிட்ட கிட்டவே போவ முடியாது. சும்மா வளவளன்னு பேசி யாரையும் கவுக்க முடியாது, பேராண்டி. உன் நாளைக் குடுக்கணும்.

நாலஞ்சு பேரை ஒரே நேரத்துல சுத்தலாமான்னு கேப்ப, எனக்குத் தெரியாதா உன்னை. சுத்தலாம். 2016ல வந்த பெர்சோனா அஞ்சாம் பாகத்துல அதுக்குக் கூலியும் வச்சிருக்கான். காதலர் தினம் கழிஞ்ச கையோட எல்லாரும் ஒண்ணா வந்து குந்தி ஒரு பஞ்சாயத்து வைக்கறாங்க. முடிவுல ஹீரோ அடி வாங்கிச் சுருண்டு கெடக்கறான். அர்ச்சுனனுக்கு நம்ம கூத்துல இப்படி ஒரு காட்சி வைக்கலியேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு குறை.

மத்ததை வேகமாச் சொல்லிடறேன். இந்தக் காதல் ஆட்டம் நாடு பூரா பரவக் காரணம் கொனாமிக்காரன் 1994ல விட்ட தோக்கிமேக்கி மெமோரியல். ஒருத்தியைக் கண்டுக்காம விட்டா அவ பேருல குண்டு ஒண்ணு காட்டும். அது வெடிச்சா ஊரு பூரா உன்னைப் பத்தி வதந்தி, மத்த பொண்ணுங்களும் மூஞ்சியத் திருப்பிக்கும். சேகாக்காரனோட சகுரா வார்ஸ் 1996ல வந்தது. பகல்ல நாடகக்காரிங்க, ஆபத்து வந்தா நீராவிக் கவசம் மாட்டிகினு பேயோட சண்டை. கடற்படை அதிகாரின்னு மார்தட்டி வர்ற ஹீரோவுக்கு நாடகக் கொட்டாயில டிக்கெட்டு கிழிக்கிற வேலை. பொண்ணு ஒரு கேள்வி கேட்டா கெடு முடியறதுக்குள்ள பதில் சொல்லணும், வாயத் தொறக்காம இருந்தா அதையும் ஒரு பதிலாத் தான் எடுத்துப்பா. உங்க பாட்டியோட அம்பது வருசம் நான் ஆடின ஆட்டம் அது. 1997ல வந்த ஃபைனல் ஃபேண்டசி ஏழுல பொண்ணுங்களை அசட்டை பண்ணிகினே வந்தா, திருவிழாவுல உன்னோட ஜோடி போட்டுகினு தொங்குவண்டி ஏற வர்றது கையில துப்பாக்கி பொருத்தின ஒரு தாடிக்காரன். அந்த ஜோடிக்காகவே ஒரு தடவை ஆடலாம்.

அடுத்து ரூன் ஃபேக்டரின்னு ஒரு ஆட்டத்துக்கு வரேன். மியாசாக்கியில வளந்து டோக்கியோவுக்குப் பொழைக்கப் போன யசுஹிரோ வாடான்னு ஒருத்தர், ஊரு நெனப்புல 1996ல விவசாய ஆட்டம் ஒண்ணு பண்ணினாரு. நம்ம பக்கம் ஹார்வெஸ்ட் மூன்னு சொல்லுவாங்க. கழனி உழுது, மாடு கறந்து, பொண்ணுக்குத் தெனம் ஏதாவது குடுத்து மனசைப் புடிக்கணும். அதுல வாளையும் ராட்சசனையும் சேத்தது ரூன் ஃபேக்டரி. நாலாம் பாகத்தைத் தான் எல்லாரும் மெச்சறாங்க. கல்யாணம் ஆவணும்னா மோதிரம் வேணும், ரெட்டைக் கட்டில் வேணும். ரெண்டும் இருந்தாலும் நல்ல நேரம் கூடி வரலன்னா மாசக் கணக்குல இழுக்கும். இத்தனையும் சரி, ஆனா ஒண்ணைப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுது. அடிச்ச ராட்சசனையே பழக்கி, கொட்டாயில கட்டி, பயிருக்குத் தண்ணி ஊத்த விடறான். இங்க நான் மல்லாட்டை களை வெட்ட ஆளு கெடைக்காம தெருத் தெருவா சுத்தறேன். நம்ம திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சிக்காரங்க டிஎம்வி ஏழுன்னு வெதை தான் குடுத்தாங்க, தண்ணி ஊத்தற ராட்சசனைக் குடுக்கல. போன கோடையில நீ வாளி வாளியா அந்தத் திரைக்குள்ள டர்னிப்புக்குத் தண்ணி ஊத்தினியே, பின்னாடி கொல்லையில முருங்கைக் கன்னு வாடினது தெரியுமா?

வாங்கக் கூடாததையும் சொல்லிடறேன். "இலவசம்"னு இறக்கச் சொல்லுவான். உள்ள போனா, உனக்குப் புடிச்சவ வர்றதுக்குக் காசு போட்டுக் குலுக்கணும், வரலன்னா மறுபடியும் குலுக்கணும். கச்சான்னு அதுக்குப் பேரு. 2015ல வந்த ஃபேட் கிராண்ட் ஆர்டர் அந்த ரகம். கதை நல்ல கதை தான், இல்லங்கல. குலுக்கலுக்குள்ள குலுக்கல் வச்சு ஒரு வகை வந்துச்சு, ஜப்பான் சர்க்காரே 2012ல அத்த நிறுத்தச் சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல லாட்டரிச் சீட்டைத் தடை பண்ணினது 2003ல. அதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டுல குந்தி, நாளைக்கு விழும் நாளைக்கு விழும்னு காணியை வித்தவனை எல்லாம் நான் பாத்திருக்கேன். அவனுக்காவது விழுந்தா காசு. உனக்கு விழுந்தா ஒரு படம்.

ராத்திரி ஆட்டத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஆன்லைன்ல காசு வச்சு ஆடற ஆட்டத்துக்கு ராத்திரி பன்னெண்டுலேர்ந்து விடியக்காலை அஞ்சு வரைக்கும் பூட்டுன்னு 2025ல தமிழ்நாட்டு சர்க்கார் விதி போட்டுச்சு. அதே வருசம் டெல்லிக்காரங்க அந்த ஆட்டத்தையே ஒரேயடியா மூடிட்டாங்க. உன் ஆட்டத்துல காசு இல்ல, சட்டம் உன்கிட்ட வராது. அதனால அந்தப் பூட்டை நான் போடறேன். பன்னெண்டு மணிக்கு மேல வெளிச்சம் தெரிஞ்சுதுன்னா உங்கம்மாகிட்ட சார்ஜரை வாங்கி வைக்கச் சொல்லிடுவேன்.

ஆகவே, உன் நாளைக் கேக்கறவளை நம்பு, உன் காசைக் கேக்கறவளை நம்பாத. மொதல்ல டிராகன் குவெஸ்ட் அஞ்சு, பியாங்காவக் கட்டு. அது முடிஞ்சப்பறம் பெர்சோனா நாலு, அத்த செமஸ்டர் லீவுக்கு வச்சுக்க. ரூன் ஃபேக்டரிக்கு மட்டும் ஒரு நிபந்தனை. வர ஞாயித்துக்கிழமை மல்லாட்டை புடுங்கறோம், ஆளு பத்தல, நான் ராட்சசன் எவனையும் பழக்கி வைக்கல. விழுப்புரத்துலேர்ந்து காலையில மொத பஸ்ஸுல கெளம்பி வந்துடு. மயிலத்துலேர்ந்து ஒரு ஜாதகமும் வந்திருக்குது, அத்த அப்பறம் பேசிக்கலாம்.