வேட்பாளரியல்: வணிகப் பெருமக்களுக்கு ஒரு பாயிரமும் சில இயல்களும்

மேலாண்மைப் பேராசிரியர்கள் யாரிடமும் பாடம் படிப்பார்கள். மும்பை டப்பாவாலாக்களின் சாப்பாட்டுக் கூடையை ஹார்வர்டு வரை தூக்கிச் சென்றவர்கள் அவர்கள். ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளில், மாதிரி காட்டாமல், 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகைகூட வைக்காமல் லட்சக்கணக்கானோரிடம் தன்னையே விற்றுவிடும் தமிழ்நாட்டு வேட்பாளருக்கு அத்துறை செய்த மரியாதை போதாது. அக்குறை தீர்க்க எழுந்ததே இவ்வாய்வு. இதற்குச் சான்றுகள் மூன்று: தேர்தல் பதிவுகள், பத்திரிகைச் செய்திகள், தேநீர்க்கடைப் பெஞ்சு. மூன்றும் முரண்படும் இடத்தில் பெஞ்சு சொல்வதே முடிபு.

விலையியல். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. அறிவித்தது. 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றார் அண்ணா. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி வந்தது. மூன்று படி, சொன்ன சொல் தவறாமல், லட்சியமாகவே நின்றது. இன்றைய நிறுவனங்கள் விளம்பரத்தின் அடியில் எறும்பெழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று ஒளித்து வைக்கின்றன. அதையே மேடையேற்றி, இயைபு சேர்த்து, கைதட்டலும் வாங்கலாம் என்பது ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது. (பெஞ்சு, இடது ஓரம்.)

இலவச இணைப்பியல். 2006இல் வண்ணத் தொலைக்காட்சி. 2011இல் ஒரு தரப்பு மிக்சியோ கிரைண்டரோ ஏதேனும் ஒன்று என்றது. எதிர்த்தரப்பு இரண்டும் உண்டு, மின்விசிறியும் உண்டு என்றது. யார் வென்றார்கள் என்பதை மாவரைத்தவர்கள் அறிவர். இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு சொல்லும் ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. ஷாம்பூவோடு சீப்பு கொடுப்பதற்குள் மூன்று கூட்டம் போடும் விற்பனை மேலாளர்கள் இதைச் சட்டகமிட்டு மாட்டலாம். (மேற்படி பெஞ்சு, நடுப்பகுதி, இரண்டாம் தேநீர், சர்க்கரை குறைத்த பிரதியில் 'ஃபேன் இன்னும் ஓடுதா?' என்ற இடைச்செருகல் உண்டு.)

விற்பனைக்குப் பிந்தைய சேவையியல். இவ்வியல் கிடைத்திலது.

சின்னவியல். இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று வென்றார். அன்று தொடங்கிய முத்திரை அது. கட்சி பிளந்ததால் 1989 தேர்தலில் அது முடக்கப்பட, ஜெயலலிதா அணி சேவலோடும் ஜானகி அணி இரட்டைப் புறாவோடும் களம் கண்டன. சேவல் 27 இடங்களில் கூவியது. அணிகள் இணைந்ததும் இலை மீண்டது.

2017 மார்ச்சில், ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை ஒட்டி, கட்சி மீண்டும் பிளந்ததால் இலை மறுபடி முடங்கியது. தினகரன் தரப்புக்குத் தொப்பி. பன்னீர்செல்வம் தரப்புக்கு இரட்டை விளக்கு மின்கம்பம். நடுவில் ஒரு தண்டு, இருபுறமும் விரிந்த இரண்டு விளக்குகள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் முதியவருக்கு அது என்னவாகத் தெரியும்? இங்கேதான் அறிஞருலகம் இலைக் கொள்கையர், விளக்குக் கொள்கையர் எனப் பிரிகிறது. இலைக் கொள்கையர் கம்பத்தைக் காம்பு என்பர். விளக்குக் கொள்கையர், காம்பெனின் மின்சாரம் எவ்வழிப் பாயும் என மறுப்பர். (மேற்படி பெஞ்சு, ஆணி துருத்திய பகுதி, மழைக்காலப் பிரதி, வடைக்கு முந்திய உரையில் 'இலை' என்றும் வடைக்குப் பிந்திய உரையில் 'விளக்கு' என்றும் காணப்படும். எண்ணெய் பட்ட இடத்தில் நான்கு சொற்கள் சிதைந்துள்ளன. அருகிருந்தோர் முகக்குறிப்பைக் கொண்டு அவை அச்சேற்றத் தகாதவை எனக் கொள்ளப்படும்.) சிதைந்த சொற்களை இட்டு நிரப்புவதில்தான் சிலருக்கு முனைவர் பட்டமும் பதவி உயர்வும் இருக்கின்றன என்பதால், அந்த நான்கையும் அவர்களுக்கே விட்டுவிடலாம்.

விவாதம் முற்றும் முன்பே, பணப் பட்டுவாடாப் புகாரால் தேர்தல் ரத்தானது. டிசம்பரில் மறுபடி நடந்தபோது இலை இணைந்த அணியிடம் திரும்பியிருந்தது. தினகரன் சுயேச்சையாகக் குக்கர் சின்னத்தில் நின்று 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆகவே முத்திரையே எல்லாம் என்பது முதற்பாடம்; முத்திரையில் ஒன்றுமில்லை என்பது இரண்டாம் பாடம். இரண்டையும் ஒரே நூலின் அடுத்தடுத்த அத்தியாயங்களில் வைத்து, மாணவரிடம் இரண்டுக்கும் கட்டணம் வாங்குவது மேலாண்மைக் கல்வியின் மரபு.

போலிச்சரக்கியல். 2024இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே தொகுதியில் பன்னீர்செல்வம் என்ற பெயருடையோர் இன்னும் ஐவர் நின்றனர். பேருந்து நிலையத்தில் ஒரே பெயரில் ஆறு அல்வாக்கடை பார்த்த தமிழனுக்கு இது புதிதன்று. இத்தகைய குழப்பத்துக்காகவே 2015 முதல் வேட்பாளர் படமும் வாக்குப்பதிவு இயந்திரத்தில் இடம்பெறுகிறது.

அலமாரியியல். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகமாயிற்று. ஒரே அலமாரியில் ஆயிரம் சோப்பு அடுக்கினால் வாடிக்கையாளர் குளிக்காமலே வீடு திரும்புவார் என்பதை சட்டம் இயற்றுவோர் உணர்ந்தனரோ என்னவோ, அதே ஆண்டில் சட்டமன்ற வேட்பாளரின் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது.

செயல்விளக்கவியல். 2021இல் நாகப்பட்டினத்தில் அ.தி.மு.க. வேட்பாளர் ஒருவர் தெருவில் அமர்ந்து ஒரு பெண்ணின் துணிகளைத் துவைத்துக் கொடுத்தார். அவர் கட்சி வாஷிங் மெஷின் தருவதாகச் சொல்லியிருந்தது. இயந்திரத்தின் தேவையை இயந்திரம் இல்லாமலே விளக்கிய இந்த உத்திக்கு ஈடாக எந்த ஷோரூமிலும் ஒன்றைக் காண்பது அரிது.

மௌனவியல். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது. வாங்க நினைப்பவரை இரண்டு நாள் தொலைபேசியில் அழைக்காமலிருக்க எந்தக் கடன் அட்டைக்காரருக்கு மனம் வரும்?

தோல்வியியல். மேட்டூரில் டயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் பத்மராஜன் 1988 முதல் தேர்தலில் நின்றுகொண்டே இருக்கிறார். இருநூறு தேர்தல்களைத் தாண்டியும் ஒன்றில்கூட வென்றதில்லை. பிரதமர்களை எதிர்த்தும் நின்றிருக்கிறார். அவருடைய சரக்கு தோல்வி. அதற்கு ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. 2011இல் மேட்டூரில் 6,273 பேர் அவருக்கு வாக்களித்துவிட்டனர். அந்த 6,273 பேரை விசுவாசமான வாடிக்கையாளர் எனக் கொள்வதா, தொழிலைக் கெடுக்க வந்த போட்டியாளர் எனக் கொள்வதா என்பதில் இலைக் கொள்கையரும் விளக்குக் கொள்கையரும் முதன்முறையாக ஒரே பக்கம் நின்று, முடிவு சொல்ல மறுக்கின்றனர்.