வேனில் வேந்தர்

இது தொண்டை நாடு. அன்று தொண்டைமானிடம் தூது வந்த ஔவை, நெய் பூசி மாலை சூட்டி அடுக்கி வைத்திருந்த அவனுடைய வேல்களைச் சுற்றிப் பார்த்து வாயார வாழ்த்திவிட்டுப் போனாள். அவள் அடியொற்றி அடியேனும் ஒரு வாழ்த்துச் சொல்லப் புகுகிறேன். ஊரூர் ஒல்காட் குப்பத்தின் மணல் ஓரத்தில், உடைந்த பாலத்துக்குப் போகும் வழியில், ஒரு வேன் எழுந்தருளியிருக்கிறது. உள்ளே கட்டில், குட்டி ஃப்ரிட்ஜ், மடக்கு மேசை, தொட்டியில் ஒரு துளசி. நடுநாயகமாக, வீடு வாசல் துறந்த ஒரு பெருந்தகை. புலவர்கள் மன்மதனுக்குச் சூட்டிய ‘வேனில் வேந்தன்’ என்னும் பட்டம், இத்தனை நூற்றாண்டு உரியவரைத் தேடி அலைந்து, இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தது.

வாடகை கொடாமை இவரது மெய்க்கீர்த்தியின் முதல் வரி. பெசன்ட் நகரில் பாமரர்கள் மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் முன் கைகட்டி நிற்கிறார்கள். இவர் எந்த வீட்டுக்காரருக்கும் சல்லிக்காசு தருவதில்லை. வங்கிக்குத் தவணை தருகிறார். வேனுக்கு ஒன்று, உள்ளே செய்த மரவேலைக்கு ஒன்று. டீசலுக்குத் தருகிறார், கட்டிலையும் பீரோவையும் கடைத்தெருவுக்கும் கூடவே அழைத்துப் போகிறவருக்கு மைலேஜ் ஒரு பொருட்டா? டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் என்று வாரி வழங்குவதை வாடகை என்று கொச்சைப்படுத்த யாருக்கு நா எழும்? அக்கம்பக்கத்து மனைகள் ஆண்டுதோறும் விலை ஏறி ஆணவம் கொள்கின்றன. வேனோ ஆண்டுதோறும் அடக்கத்தோடு விலை இறங்கி, 15ஆம் ஆண்டு பதிவுச் சான்றும் காலாவதியாகி, முற்றும் துறந்த நிலையை எய்தும்.

இவர் வீரத்தை முன்னறிந்தே நம் நாடு சட்டம் எழுதி வைத்தது. வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த வடிவிலிருந்து மாற்றலாகாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தமோ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று கொடை முறையை வகுத்தது. ஒன்றொன்றாக எண்ணிப் பொற்காசு அளிப்பது மன்னர் மரபுதானே! கூரையில் போட்ட ஓட்டை ஒன்று, பிடுங்கிய சீட்டுகள் எத்தனை என்று கணக்கிடும் பாக்கியத்தை ஆர்டிஓ அலுவலகத்துக்கு விட்டுவைத்திருக்கிறார். நாளை விபத்து நேர்ந்தால், சொல்லாமல் மாற்றிய வண்டி என்று கையை விரிக்கும் உரிமையையும் இன்சூரன்ஸ்காரருக்கு முன்கூட்டியே தாரை வார்த்துவிட்டார்.

குப்பத்து மீனவர்கள் கோழைகள். போட்டைக் கரையேற்றியதும் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து போய்ப் பத்திரப்படுத்துகிறார்கள். உப்புக் காத்து இரும்பைத் தின்னுமாம். பாட்டன் காலத்து மூடநம்பிக்கை! வேந்தரோ தம் அரண்மனை முழுவதையும் அந்தக் காற்றுக்கே படைத்துவிட்டார். கதவுக் கீலில் பூத்திருக்கும் செம்மையைத் துரு என்பார் ரசனை கெட்டவர். எனக்குப் பவளமாகத்தான் தெரிகிறது. கத்திரி வெயிலில் தகரக் கூரை தகிக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொள்வார். உள்ளே மார்கழி. புகையை மட்டும், பக்கத்தில் வலை பின்னும் பெரியவர்களுக்கு அருளுவார்.

அரண்மனைக்குக் காய்ச்சல் கண்டால் அதுவே மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். உதிரி பாகம் வரும்வரை மன்னர் திருவல்லிக்கேணி மேன்ஷனில் நாள் வாடகைக்கு வனவாசம். நாம் வீட்டை விட்டு ஊர் போகிறோம். வீடு நம்மை விட்டு ஊர் போகும் பேறு யாருக்கு வாய்க்கும்?

இவருடைய தற்சார்பை மயிலாப்பூரில் இருக்கும் இவருடைய அக்காவிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வார். அழுக்குத் துணி அங்கே, ஆதார் முகவரி அங்கே, கூரியர் அங்கே, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும் வத்தக்குழம்பும் அங்கே. மற்றபடி யாரையும் சாராதவர். தண்ணீர் வேண்டுமானால் குப்பத்துப் பெண்கள் குடத்தோடு நிற்கும் வரிசையில் இருபது லிட்டர் கேனோடு கலந்து, சமத்துவத்தை ஐந்து கேன் அளவுக்கு நிலைநாட்டுவார். கழிவுப் பெட்டி நிறைந்தால், நள்ளிரவில் அதைக் கைப்படச் சுமந்து அடையாற்று முகத்துவாரத்தில் சேர்ப்பார். நகரமே தன் கழிவைக் குழாய் வழியே அங்கே அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறது. தம் பங்கைத் தாமே நேரில் கொண்டுபோய்ச் சமர்ப்பிக்கும் பணிவு எத்தனை பேருக்கு வரும்?

2024 அக்டோபரில் மழைக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தியது சென்னை. இவர் வீட்டையே ஏற்றிவிடலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக் காலையில் இந்தக் குப்பத்து வீடுகளுக்குச் சக்கரம் இல்லாமல் போனது, கட்டியவர்களின் தொலைநோக்கின்மை.

கர்னல் ஒல்காட் இந்த ஊரூரில் 1894இல் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்து பெயர் வாங்கிக்கொண்டார். வேந்தர் அப்படிப் பொருளாகக் கொடுத்துக் குப்பத்தைச் சிறுமைப்படுத்தவில்லை. விடியலில் பின்கதவைத் திறந்து, கால்மேல் கால் போட்டு, போட்டும் வலையும் பின்னணியில் விழும்படி படம் எடுத்து உலகுக்கு அருளுகிறார். ஒரே அறையில் ஆறு பேர் படுத்து எழும் குப்பத்தின் வாழ்வுக்கு நெரிசல் என்றுதான் இதுவரை பெயர். பல லட்சம் செலவழித்து அதைவிடச் சின்ன அறைக்கு ஒருவர் தனியாக வந்தபிறகே அதற்கு எளிமை என்ற அழகிய பெயர் கிடைத்தது.

நேற்று அந்திக்கருக்கலில் வலையை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், இத்தனை மகிமையும் அறியாமல், வேன் அருகே வந்து நின்றார். “இன்னா தம்பி, ஊட்டு வாடகை கட்ட முடியலயா? கொசு பிச்சுத் தின்னும். நம்ம ஊட்டுத் திண்ணைல வந்து படுத்துக்க.”

வேந்தர் சினக்கவில்லை. முத்துப்பல் தெரியப் புன்னகைத்து, தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“ரொம்ப தேங்க்ஸ் ஐயா. உங்க வீட்ல பாத்ரூம் இருக்கா?”