காட்டை அளந்துட்டு மோட்டாரைக் கேளு

வா கண்ணு, உக்காரு. இதென்ன கையில, கட்டங்கட்டமா எழுதி எடுத்துட்டு வந்திருக்கற? ஒரு பக்கம் ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு, இன்னொரு பக்கம் ஆர்டிஎக்ஸ் 5070. "அப்புச்சி, நீங்க காலமெல்லாம் மோட்டார் காயில் கட்டுனவரு, வாட்டு ஆம்பியரெல்லாம் உங்களுக்கு அத்துபடி, இதுல எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க"ன்னு கேக்கற. ஆகா, பேச்சுல தேன் சொட்டுது. எது நல்லதுன்னு தெரியாமயா 5070-க்கு மட்டும் செவப்பு மையில ரெண்டு கோடு இழுத்திருக்கற? உனக்கு வேண்டியது யோசனை இல்ல கண்ணு, சிபாரிசு. "பையன் கேக்கறது ஞாயந்தானுங்க மாப்பிள்ளை"ன்னு உங்கப்பாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லோணும். அவ்வளவுதானே? சொல்லிப்போடலாம். ஆனா சொன்னவன் நாளைக்கு மாட்டிக்கக் கூடாதுல்ல? கணக்கை மொதல்ல பாத்துப்போடலாம், அந்தக் காயிதத்தை இப்படிக் குடு.

5060, 2025 மே மாசம் வந்தது, வெலை 299 டாலர். 5070 அதே வருசம் மார்ச்சுல வந்தது, 549 டாலர். நம்மூருக்கு வந்து சேரறப்ப வரி, கடைக்காரன் லாபம் எல்லாம் மேல ஏறிக்கும், அது தனிக் கதை. உள்ள இருக்கற சரக்கைப் பாரு. குடா கோர் 5060-ல 3,840, 5070-ல 6,144. வி-ரேம் அங்க 8 ஜிபி, இங்க 12. அந்த மெமரிக்குள்ள செகண்டுக்கு ஓடற டேட்டா அங்க 448 ஜிபி, இங்க 672. எல்லாம் ஒண்ணரை மடங்கைச் சுத்தியே நிக்குது. ஆட்டத்துல கெடைக்கற வேகமும் ஏறத்தாழ அந்த ஒண்ணரைதான். காசு மட்டும் ஒண்ணே முக்காலைத் தாண்டிப் போயிருச்சு பாத்தியா? செவப்புக் கோடு போட்டவன் இந்த வகுத்தல் கணக்கை ஏனோ போடாம உட்டுட்டான்.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். பட்டறைக்கு மோட்டார் யோசனை கேட்டு வர்றவங்கிட்ட நாங்க மொதல்ல கேக்கறது என்ன தெரியுமா? அஞ்சு எச்பியா ஏழரை எச்பியான்னு கேக்க மாட்டோம். "காடு எத்தன ஏக்கருங்க?" அதுதான் மொதக் கேள்வி. உன்ற பொட்டிக்குள்ளயும் அதே சங்கதிதான். கார்டுல இருக்கற சிப்பு மோட்டாரு. மெமரி பஸ்ஸுங்கறயே, 5060-க்கு 128 பிட்டு, 5070-க்கு 192 பிட்டுன்னு, அது குழாயோட அகலம். வி-ரேம் தண்ணித் தொட்டி. அப்ப காடு எது? மானிட்டரு! இந்த ரெண்டு பக்கத்துல மானிட்டரைப் பத்தி ஒரு வரி கூடக் காணமே. மறந்துட்டயா, மறைச்சிட்டயா?

ஃபுல் எச்டி மானிட்டர்னா 1920-க்கு 1080. பெருக்கினா 20,73,600 புள்ளி. கடையில 2கேன்னு விக்கறானே, 2560-க்கு 1440, அதுல 36,86,400. 4கேன்னா 82,94,400, ஃபுல் எச்டியப் போல நாலு பங்கு. ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை புள்ளிக்கும் கார்டு தண்ணி பாய்ச்சோணும், அதுவும் செகண்டுக்கு அறுவது தடவை, நூறு தடவை.

போன நோம்பிக்கு உங்கூட்டுக்கு வந்திருந்தேன்ல, அப்பவே உன்ற மானிட்டர் பின்னாடி ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பாத்துட்டேன். ஃபுல் எச்டி, 60 ஹெர்ட்ஸ். அந்த மானிட்டரு 16.7 மில்லி செகண்டுக்கு ஒருக்காத்தான் படம் மாத்தும். 5070 செகண்டுக்கு 120 படம் எறைச்சாலும் பாதி வரப்புக்கு வெளியதான் போகும். "கை வேகம் கொஞ்சம் நல்லா இருக்கும் அப்புச்சி"ங்கற. ஒத்துக்கறேன், துளியூண்டு இருக்கும். ஆனா நீ தெனம் ராத்திரி கதவைச் சாத்தீட்டு ஆடறது வேலோரன்ட். பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடோணும்னே செஞ்ச ஆட்டம் அது. உன்ற பழைய 1650 கார்டுலயே துள்ளிக்கிட்டு ஓடுது. அதுக்கு 5070 வேணும்னு மாப்பிள்ளைகிட்ட நாஞ் சொன்னா, அவரு என்னைத்தான் டாக்டர்கிட்ட கூட்டீட்டுப் போவாரு.

அதுக்காக 5060-ஐத் தலைமேல தூக்கி வெச்சுக்கறேன்னு நெனைக்காத. அதோட கோளாறு மோட்டார்ல இல்ல, தொட்டியில. 8 ஜிபி. ஃபுல் எச்டிக்கு, செட்டிங்ஸைக் கொஞ்சம் கொறைச்சு ஆடறவனுக்கு அது போதும். 2கேல புது ஆட்டத்தைப் போட்டு, டெக்ஸ்சரை அல்ட்ராவுக்கு ஏத்தினா தொட்டி ரொம்பீரும். ரொம்பினா என்னாகும்? மிச்சத்தைக் கம்ப்யூட்டரோட சாதா ரேமுல வெச்சுட்டு, மதர்போர்டு வழியா அப்பப்ப இழுத்துக்கோணும். அந்த வழியிலயும் 5060-க்கு 8 லேன்தான் குடுத்திருக்கறான், 5070-க்கு 16. உன்ற மதர்போர்டு பழசு, பிசிஐஈ 3.0. அதுல 8 லேன்னா செகண்டுக்குச் சுமாரா 8 ஜிபிதான் வரும். கார்டுக்குள்ள 448, வெளிய இருந்து வர்றது 8! அந்த எடத்துலதான் படம் திக்கித் திக்கி நிக்கும். சராசரி எஃப்பிஎஸ் நல்லாத்தான் காட்டும், எதிராளி உன்னைச் சுடறப்ப மட்டும் நின்னுக்கும்.

தொட்டி விசயத்துல பொட்டியில போட்டிருக்கறதை நம்பி ஏமாந்தவங்க கதையும் இருக்குது. 2014-ல ஜிடிஎக்ஸ் 970-ன்னு ஒண்ணு வந்துச்சு. பொட்டியில 4 ஜிபி. அதுல 3.5 ஜிபி வேகமா ஓடுது, கடைசி அரை ஜிபி மெதுவா ஊருதுன்னு அடுத்த சனவரியிலதான் வெளிய தெரிஞ்சுது. அமெரிக்காவுல கோர்ட்டுக்குப் போயி, 2016-ல கார்டுக்கு 30 டாலர் தர்றேன்னு என்விடியா ஒத்துக்கிட்டுச்சு. நம்ம பக்கம் வாங்குனவனுக்கு வயித்தெரிச்சல்தான் மிச்சம்.

இன்னொண்ணு. உன்ற காயிதத்துல ரெண்டே பேருதான் இருக்குது. நடுவுல ஒரு சந்து இருக்கறதை ஏன் எழுதல? 5060 டிஐ. வந்தப்ப அதுலயே 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். அம்பது டாலருக்குத் தொட்டி ரெண்டு மடங்கு. மோட்டாரு 5070 அளவுக்கு வராது, ஆனா தொட்டி அதை விடப் பெருசு. ஏஎம்டிகாரன் 9060 எக்ஸ்டி 16 ஜிபியை 349 டாலருக்கு விட்டான். 5070-க்குக் கேட்ட அதே 549 டாலருக்கு 16 ஜிபியோட 9070-ஐ விட்டான். இதெல்லாம் எழுதினா அப்புச்சி கொழம்பீருவாருன்னு நெனைச்சயா, இல்ல தெளிஞ்சீருவாருன்னு பயந்தயா?

"5070 வந்து பழைய 4090-க்குச் சமம்"னு ஓரத்துல பொடி எழுத்துல எழுதியிருக்கற பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. சொன்னது சாமானியப்பட்ட ஆளு இல்ல, என்விடியா மொதலாளி ஜென்சன் ஹுவாங்கே 2025 சனவரியில மேடையேறிச் சொன்னாரு. 4090-ல 16,384 கோரு, 24 ஜிபி மெமரி, வெலை 1,599 டாலர். 5070-ல 6,144 கோரு, 12 ஜிபி. எப்படிச் சமம்? நெசமா வரையற ஒவ்வொரு படத்துக்கும் பின்னாடி ஏஐ-ய வெச்சு மூணு படத்தை நெரப்பிக் கணக்குக் காட்டறது. டிஎல்எஸ்எஸ் மல்டி ஃப்ரேம் ஜெனரேசன்னு அதுக்குப் பேரு. பாக்கறதுக்கு வழுவழுன்னு ஓடும், இல்லைங்கல. ஆனா நெசப் படம் 30 இருந்து, காட்டறது 120-ன்னு வெய்யி, நீ மவுஸை அசைச்சா அது கேக்கறது அந்த 30-க்குத்தான். ஆக, ஒரு கார்டை இன்னொரு கார்டோட ஒப்பிடறப்ப இந்த நெரப்பு வேலையை அணைச்சுப் போட்டு ஒப்பிடோணும்.

நம்பரை நம்பாதேன்னும் சொல்லி வெக்கறேன். 2022-ல 4080-ன்னு ஒரே பேருல ரெண்டு கார்டை அறிவிச்சாங்க. ஒண்ணு 16 ஜிபி, ஒண்ணு 12 ஜிபி. மெமரி மட்டுந்தான் வேறன்னு பாத்தா, கோரே ஒண்ணுல 9,728, இன்னொண்ணுல 7,680. ஊரே சிரிச்சதும் அக்டோபர்ல சின்னதை வாபஸ் வாங்கீட்டாங்க. அடுத்த சனவரியில அதே சரக்கு 4070 டிஐ-ன்னு பேரு மாத்தி, 899-ல இருந்து 799 டாலராக் கொறைஞ்சு வந்துச்சு.

சரி, என்ற தொழிலுக்கு வர்றேன். 5060-க்கு 145 வாட்டு, 5070-க்கு 250. 5060-க்கு 550 வாட்டு எஸ்எம்பிஎஸ், 5070-க்கு 650 வேணும்னு கம்பெனியே சொல்லுது. உன்ற கேபினெட்டுல கெடக்கற எஸ்எம்பிஎஸ் எத்தன வாட்டு? கேபினெட்டோட சும்மா குடுத்தது. அப்ப அதையும் மாத்தோணும். சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

250 வாட்டுன்னா என்ன பெருசுன்னு தோணும். 12 வோல்ட்டால வகுத்துப் பாரு, 21 ஆம்பியர் வரும். வூட்டுல ஓடற ஒண்ணரை டன் ஏசி கூட 230 வோல்ட்டுல அதுல பாதிக்குக் கீழதான் இழுக்கும். 450 வாட்டு 4090-ன்னா 37 ஆம்பியருக்கு மேல. அத்தன கரண்டும் குட்டிக்குட்டி பின்னு வழியாப் போகோணும். 2022 கடைசியில 4090-ஓட கனெக்டரு உருகுன படமெல்லாம் வந்துச்சுல்ல? முழுசா உள்ள போகாம நின்ன கனெக்டருன்னு கம்பெனி சொல்லுச்சு. அப்பறம் உள்ள இருக்கற சென்ஸ் பின்னைக் கட்டையாக்கி டிசைனையே மாத்துனாங்க, சரியாச் சொருகலைன்னா கரண்டே போகக் கூடாதுன்னு. லூஸ் கான்டாக்ட் எத்தன மோட்டாரைக் கொன்னுச்சுன்னு என்னையக் கேளு. அதனால நீ எந்தக் கார்டு வாங்கினாலும் அதோட கரண்டுக் கனெக்டரை 'டிக்'னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்து. அழுத்தீட்டு டார்ச் அடிச்சு இடுக்குத் தெரியுதான்னு பாரு. வயரைக் கனெக்டர் வாயிலயே மடக்காத.

கரண்டு பில்லும் சொல்லீர்றேன். ரெண்டுக்கும் வித்தியாசம் 105 வாட்டு. தெனம் நாலு மணி நேரம் முழு மூச்சா ஆடுனா ரெண்டு மாசத்துக்கு 25 யூனிட். ப்பூ, அவ்வளவுதானான்னு சொல்லாத. உங்கூட்டு பில்லு 500 யூனிட்டுக்குப் பக்கத்துல நிக்குது. 500-ஐத் தாண்டினா 101-வது யூனிட்டுல இருந்தே ரேட்டு மாறீரும். மாசாமாசம் மீட்டரைக் குறிச்சு வெக்கற மனுசன் உங்கப்பா.

இப்ப உன்ற திட்டத்தை நானே சொல்லட்டுமா? மொதல்ல 5070-ஐ வாங்கீரது. அப்பறம் தீவாளிக்கு, "இத்தன காசு போட்ட கார்டு இந்தப் பழைய மானிட்டர்ல வீணாப் போகுதுங்கப்பா"ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டு மானிட்டரை வாங்கீரது. அடப் படவா! என்ற பேரன்தான், சந்தேகமே இல்ல. ஆனா வரிசையத் திருப்பிப் போட்டுட்ட. மோட்டாரை வாங்கீட்டு யாரும் காடு வாங்கப் போக மாட்டாங்க.

நாஞ் சொல்றபடி செய்யி. மொதல்ல மானிட்டரைக் கேளு. 27 இஞ்சு, 2கே, 144 ஹெர்ட்ஸுக்குக் கொறையாம. மானிட்டர்னா படிப்புக்குன்னு எந்த அப்பனும் நம்புவான். உங்கம்மா சீரியல் பாக்கலாம், மாப்பிள்ளை கடையோட ஜிஎஸ்டி கணக்கைப் பெரிய எழுத்துல பாக்கலாம். வந்ததும் ஒரு மாசம் வாயத் தொறக்காத. அந்த 4 ஜிபி 1650-லயே ஒரு பெரிய ஆட்டத்தை 2கேல போடு. போட்டுட்டு மாப்பிள்ளையக் கூப்பிட்டுப் பின்னாடி நிக்க வெய்யி. படம் நொண்டறதை அவரே பாக்கட்டும். "என்னடா இது, இப்படி நிக்குது?"ன்னு அவரு வாயில இருந்து வரோணும். அன்னிக்கு 5070-க்கோ, 16 ஜிபி 5060 டிஐ-க்கோ நெசமாவே ஞாயம் பொறந்திரும், நானும் பொய் சொல்லாம சிபாரிசு பண்ணலாம். மானிட்டரே வேண்டாம்னு அவரு கையை விரிச்சுட்டாருன்னா, அந்தப் பழைய காட்டுக்கு 5060 தாராளம், அதோட நிறுத்திக்க.

பில்லு, வாரண்டிச் சீட்டு ரெண்டையும் என்ற பீரோவுல வெச்சுக்கலாம். நீ வெச்சா தொலைச்சுப்போடுவ. அப்பறம், இந்த யோசனையெல்லாம் எங்கிட்ட இருந்து வந்துச்சுன்னு உங்கம்மா காதுல உழுந்துதோ, தொலைஞ்ச நீ. அவ வந்து கேட்டா, ரெண்டும் வேண்டாம், புள்ளை ஒழுங்காப் படிக்கட்டும்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்னுதான் சொல்லுவேன்.