தவறணையிலிருந்து வந்த வேதாளம்

என் முதல் படப் புத்தகத்தில் நெத்தலி வாசம் அடிக்கும். புத்தகம் என்று சொல்வதே கொஞ்சம் கூடுதல். யட்டவத்த டவுனில் கடை வைத்திருந்த முதலாளி மாத்தளையிலிருந்து பழைய புத்தகங்களை நிறுத்து வாங்கிவருவார். தாள் தாளாகக் கிழித்துச் சுருளாக்கி, நெத்தலியோ கொத்தமல்லியோ போட்டுக் கொடுப்பார். கருவாட்டைச் சட்டியில் கொட்டியதும் தாள் எனக்கு. அப்பாயி அடுப்புக்குள் செருகுவதற்குள் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

அப்படித்தான் ஒருநாள் விக்கிரமாதித்தன் லயத்துக்கு வந்தான். பாதித் தாள்தான். எழுத்தெல்லாம் ஈரத்தில் ஊறியிருந்தது. ஊறாவிட்டாலும் எனக்கு அப்போது 'ஆ'வன்னாவைத் தாண்டத் தெரியாது. படத்தில் ஒரு மனுஷன், கையில் வாள், தோளில் இன்னோர் ஆள் தொங்குகிறான். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சம்பள நாள் ராத்திரி எங்கள் லயத்தில் நடப்பதுதானே! தவறணையில் விழுந்துகிடக்கும் மாமாவைச் சித்தப்பா இப்படித்தான் தூக்கிவருவார். மாமா வழியெல்லாம் கதை சொல்வார். இடையிடையே கேள்வி கேட்பார். சித்தப்பா வாயைத் திறந்து பதில் சொன்னால் போச்சு, தோளிலிருந்து நழுவி மறுபடியும் தவறணைக்கே ஓடிவிடுவார். வாள் எதற்கு என்பதுதான் விளங்கவில்லை. அத்தை கதவைத் திறக்கும்போது தேவைப்படும் என்று முடிவு செய்துகொண்டேன்.

சில வருஷம் கழித்து முழு அம்புலிமாமா கைக்கு வந்தது. தோளில் தொங்குவது பிணமாம், உள்ளே வேதாளமாம், ஓடிப்போவது முருங்கை மரத்துக்காம். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, ஆனாலும் ஏமாந்துதான் போனேன். நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய பத்திரிகை அது. 'பாதாள பைரவி', 'மாயாபஜார்' எடுத்தவர்களும் அவர்கள்தான். அந்த விக்கிரமாதித்தனை வரைந்த சங்கருக்கு, தன் ராஜா மாத்தளை மாவட்டத்து லயத்தில் என் சித்தப்பாவாக உலவியது கடைசிவரை தெரியாது.

இரண்டாவது புத்தகம் முழுசாகக் கிடைத்தது. கூட விளையாடிய சிங்களப் பையனுடையது. சிபில் வெத்தசிங்கவின் 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன். 1956இல் வந்த புத்தகம். குடையையே அறியாத கிராமத்திலிருந்து கிரி மாமா டவுனுக்குப் போய்க் குடை வாங்கிவருகிறார். வாங்க வாங்க யாரோ களவெடுக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் காட்டில் ஒரு மரம் முழுக்கக் குடைகள், எல்லாம் குரங்கின் வேலை. இது இப்போது தெரிந்த கதை. அன்றைக்கு எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. மரத்தில் குடை தொங்குவது மட்டும் தெரிந்தது. பலா மரத்தில் பலாக்காய், குடை மரத்தில் குடை.

மிளகுக்கொடியை ஒடித்து நட்டால் துளிர்க்கிற ஊர் எங்களுடையது. லயத்தில் பாதிப் பேர் மழைக்குச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். ஒரு குடை மரம் இருந்தால் எவ்வளவு நல்லது! மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு என்று அப்பாயி தகரப் பெட்டியில் பூட்டிவைத்திருந்த குடையிலிருந்து ஒரு கம்பியை ஒடித்து, கோடிப்பக்கம் நட்டு, நாலு நாள் தண்ணீர் ஊற்றினேன். துளிர்க்கவில்லை. மாசி மகத்தன்று அப்பாயி குடையை விரித்தார். அது ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டது. பிறகு நடந்ததை எழுத இந்தக் கட்டுரையில் இடமில்லை.

போன மாதம் அதே புத்தகத்தை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது எனக்குச் சிங்களம் நன்றாக வரும், அதுதான் வினை. குடை மரம் வந்த பக்கத்தில் என் கண் குடைகளை எண்ணத் தொடங்கியது. மனசு இன்றைய விலையால் பெருக்கியது. பொலிசில் என்ட்ரி போடாமல் இந்தக் கிரி மாமா என்ன செய்துகொண்டிருந்தார் என்று எரிச்சலும் வந்தது.

"குரங்குக்கு எதுக்குப்பா இத்தனை குடை?" என்றாள்.

"விக்கிறதுக்கா இருக்கும்."

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "மரம் நனையுமில்ல?"

சிபில் வெத்தசிங்கவுக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது. தொண்ணூறு வயது தாண்டிய பிறகும், 'வொண்டர் கிரிஸ்டல்' கதைக்கு முடிவு கேட்டுப் பிள்ளைகளிடம்தான் போனார். 1,250 முடிவுகளோடு வந்த அந்தப் புத்தகம் கின்னஸில் ஏறியது. பெரியவர்களைக் கேட்டிருந்தால் எல்லாரும் விசாரணைக் கமிஷன் வைத்து முடித்திருப்போம். 2020 ஜூனில் அவர் போனார். செப்டெம்பரில் சங்கரும் போய்விட்டார்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்த நெத்தலித் தாளின் மறுபாதி உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கலாம். கிடந்தால் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.