ஞாயிறும் திங்களும்

பலாப்பழம் வெளியே முள், உள்ளே சுளை. சில கிறிஸ்தவர்கள் வெளியே சுளை, உள்ளே முள்ளாக இருக்கிறார்களே?
– வாசகர், பண்ருட்டி

உங்களுக்கு முன்பே இயேசு சொல்லிவிட்டார்! மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் அவர் கடிந்துகொள்வது கடவுளை அறியாதவர்களை அல்ல. ஊரார் பார்க்க ஜெபித்தவர்களை.

வாயால் சொன்னபடி வாழ்ந்து காட்டிய கிறிஸ்தவர் எங்கள் பக்கம் உண்டா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

கூப்பிடு தூரத்திலேயே உண்டு! சபைக்குள் சாதியைப் பொறுத்துப்போன லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறினார் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரி. 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் புதிதாக ஊழியம் தொடங்கினார். டென்மார்க் மிஷன் சங்கம் கைகொடுத்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அது.

ஆனால், திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்துச் சுவர் எழுப்பியவர்களும் சிலுவைக்கு முன்தான் மண்டியிட்டார்கள். செத்த பிறகும் சாதி பார்ப்பவர், உயிர்த்தெழுதலை எப்படி நம்புவார்?

ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன். போதாதா?
– வாசகர், கடலூர்

ஞாயிறு கொடுக்கும் சாட்சி இருக்கட்டும். திங்கட்கிழமை உங்கள் கடைத் தராசும், உங்களிடம் கூலி வாங்குபவரும் என்ன சாட்சி சொல்வார்கள்? கடவுள் விசாரிப்பது அவர்களைத்தான்.