பாண்டிக்கு எத்தனை ஸ்டார்?

சனிக்கிழமை வந்தால் சென்னைப் பையன்களுக்கு ஊர்களை எடைபோடும் வேலை வந்துவிடுகிறது. கோவாவா, பெங்களூரா, பாண்டியா? பீர் என்ன விலை, கடையை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள், டி.ஜே. யார், பேஸ் நெஞ்சுக்கூட்டை உலுக்குமா, பெண் துணை இல்லாமல் போனால் பவுன்சர் உள்ளே விடுவாரா. எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டினால் எந்த ஊர் நல்ல ஊர் என்று தெரிந்துவிடுமாம். கார் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறந்து வந்து எங்கள் கருவடிக்குப்பம் சிவாஜி சிலையைக் கண்டதும் உள்ளே ஒரு கூச்சல் எழும்பும்: பாண்டி வந்தாச்சு! பாய்ஸ் கம்பெனி நாடகத்தில் வளர்ந்த அந்த நடிகர் இப்போது வெறும் சிலையாக நிற்பது அவர் செய்த புண்ணியம். வசனம் பேச முடிந்திருந்தால் அந்தக் காருக்கு ஒரு பக்கம் வசனம் கிடைத்திருக்கும்.

சரி, நாமும் எடை போடலாம்.

உலகத்தில் யார் பட்டியல் போட்டாலும் பெர்லினுக்கு மேலே ஓர் இடம் உண்டு. 1989இல் சுவர் இடிந்தது. கிழக்குப் பக்கம் ஆளில்லாத கட்டடங்கள் ஏராளம். பழைய பேரங்காடி ஒன்றின் இரும்புப் பெட்டக அறையில் 1991இல் ‘ட்ரேசர்’ திறந்தார்கள். பின்னால் ஒரு பழைய மின்நிலையத்துக்குள் ‘பெர்க்ஹைன்’ வந்தது. அந்த டெக்னோ இசையே அமெரிக்காவில் கார் தொழிற்சாலைகள் படுத்துக்கொண்ட டெட்ராய்ட் வட்டாரத்தின் கறுப்பின இளைஞர்கள் உண்டாக்கியது. 2021இல் ஜெர்மன் நாடாளுமன்றம், கிளப்புகளைக் கேளிக்கை விடுதி என்று ஒதுக்காமல் பண்பாட்டு இடங்களாகக் கருதச் சொன்னது. 2024இல் பெர்லின் டெக்னோ அந்த நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. நம் பையன்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாத செய்தி ஒன்று உண்டு. கிளப் சுவர்களைச் சத்தம் கசியாமல் அடைப்பதற்கென்றே அந்த நகரம் 10 லட்சம் யூரோவில் ஒரு நிதி வைத்தது. ஆடுகிறவன் ஆடட்டும், பக்கத்து வீட்டுக்காரன் தூங்கட்டும் என்று ஒரு அரசாங்கம் காசு செலவழித்திருக்கிறது! இந்தக் கூத்தை எந்தத் தரவரிசையிலும் காணோம்.

இடிந்த கட்டடம்தான் முதலீடு என்றால் நாங்களும் ஏழைகள் இல்லை. 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டுக் கிடக்கிறது. சுதேசி, பாரதி ஆலைகளும் அதே கதிதான். அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கு ரெஸ்டோ பார் வாசலில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, உள்ளே வருகிறவன் கையில் முத்திரை குத்துகிறார்கள். அவர்கள் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்று எந்த ஆய்வாளராவது போய்க் கேட்டிருக்கிறாரா? 1936 ஜூலை 30 அன்று இதே ஊரில் 12 ஆலைத் தொழிலாளிகளைப் பிரெஞ்சு அரசு சுட்டுக் கொன்றது. அந்த இரத்தத்துக்கு அடுத்த ஆண்டு கிடைத்த விலை 8 மணி நேர வேலை. ஆசியாவிலேயே முதல் என்று ஜூலை மாதத்து மேடைகளில் மார் தட்டுவோம். மேடையை விட்டு இறங்கி நாலு தெரு தள்ளிப் போனால், மதியம் வேலைக்கு வந்த பையன் நள்ளிரவு தாண்டி வாந்தியைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

சென்னையையும் ஒரு தட்டில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசே சாராயம் விற்கும். ஆனால் சென்னையில் இரவு ஆட்டம் என்றால் ஒழுக்கம் விழித்துக்கொள்ளும். 2022 மே மாதம் அண்ணாநகர் மால் ஒன்றில் நடந்த டி.ஜே. விழாவில் இளைஞர் ஒருவர் இறந்துபோனார். உடனே சோதனை, வழக்கு, அறிக்கை. ஆக, ஆட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். எவ்வளவு தள்ளி? சுமார் 150 கிலோமீட்டர். சென்னை தன் வீட்டில் ஒழுக்கமாக இருந்துவிட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து வாந்தி எடுக்கிறது.

வாசலைத் திறந்துவிட்டது யார் என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? 2022 ஜூனில் ‘கோர்டெலியா’ சொகுசுக் கப்பல் புதுச்சேரிக் கடலில் வந்து நின்றது. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது, நம் கலாச்சாரம் என்னாவது என்று ஒரே கொதிப்பு. அனுமதி கிடைக்காமல் கப்பல் திரும்பிப் போனது. கடல் வழியாக வந்த சீரழிவைத் தடுத்த அதே ஊரில், சாலை வழியாக வந்ததற்கு ‘சுற்றுலா’ என்று பெயர் சூட்டி உரிமம் மேல் உரிமம் கொடுத்தார்கள். குடியிருப்புக்கு நடுவே, கோயிலுக்குப் பக்கத்தில் என்று ரெஸ்டோ பார்கள் முளைத்தன. எதிர்க்கட்சிகள் மறியல் செய்தன. மறியல் முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். ரெஸ்டோ பார் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 2025 ஜூலையில் அந்தக் கப்பலும் வந்து பயணிகளை இறக்கிவிட்டது. கலாச்சாரத்துக்கு மூன்று வருடத்தில் நீச்சல் பழகிவிட்டது போலும். கலால் வருமானத்தை நம்பி வாழும் அரசுக்கு வேறு எதுவும் பழகும்.

ஆட்டம் பிடிக்காத ஆசாமி எழுதுகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். கருவடிக்குப்பத்துக்காரனுக்குச் சத்தத்தோடு பகை கிடையாது. ஊர்ப் பிணங்கள் வந்து எரியும் இடம் எங்களுடையது. பறையும் சாவு மேளமும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த அடியின் வேகத்தைப் பெர்லின்காரன் கேட்டால் தன் கணினியை மூடி வைத்துவிட்டு வந்து தரையில் உட்காருவான். பாரதி குயிலைப் பாட வைத்த தோப்பு இங்கேதான். நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். அவர் சமாதி எங்கள் சுடுகாட்டில்தான் இருக்கிறது. விடிய விடிய ஜனங்களை உட்கார வைத்த மனிதர். கவர் சார்ஜ் இல்லை, பவுன்சர் இல்லை, வள்ளி வரும் வரைக்கும் ஒருவனும் எழுந்து போகமாட்டான். ஆண்டுக்கு ஒரு நாள் நாடகக்காரர்கள் வந்து அந்தச் சமாதிக்கு மாலை போடுகிறார்கள். இரவு வாழ்க்கையை வளர்க்கிறேன் என்று புறப்பட்டவர்களுக்கு இந்த இடம் கண்ணில் படுவதே இல்லை.

இன்றைக்கு அவர் திரும்பி வந்து வள்ளி திருமணம் போட்டால் பத்து மணிக்கு மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றனவே. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவுச் சத்தத்துக்கு 45 டெசிபல் வரம்பு. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினாலே அதைத் தாண்டும். அம்மன் கோயில் கூத்துக்கு இந்த விதி பத்து மணிக்கே ஜீப்பில் ஏறி வரும். பாருக்கு மட்டும் வண்டி பஞ்சர். புகார் சொல்லப் போகும் கிழவிக்குக் கிடைக்கும் பதில் என்ன தெரியுமா? “டூரிஸ்ட் வர்ற ஊரு ஆயா, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க.” ஆயா அறுபது வருஷமாக இங்கே இருக்கிறார். அவரும் ஒரு வாரத்துக்கு டூரிஸ்டாக இருந்து பார்த்தால்தான் தூக்கம் கிடைக்கும் போல.

அப்புறம் அந்த லேடீஸ் நைட். பெண்களுக்குக் குடி இலவசமாம். பெண்ணுரிமைக்கு இவ்வளவு பேர் பாடுபடுவதைப் பார்த்தால் கண் கலங்குகிறது. தூண்டிலில் மாட்டும் புழுவுக்கும் இலவசச் சவாரிதான். வாசலில் ஆண்களிடம் வசூலிக்கும் தொகையைப் பார்த்தால் மீன் யார் என்று புரியும்.

கோவாவுக்கு எத்தனை ஸ்டார் என்று சொல்லவில்லையே. அஞ்சுனா கடற்கரை, டிரான்ஸ் இசை, 2007இல் தொடங்கிய ‘சன்பர்ன்’ என்று கோவாவுக்கு எப்போதுமே ஐந்துக்கு ஐந்து கிடைக்கும். 2025 டிசம்பர் 6 இரவு அங்கே ஆர்போராவில் ஒரு கிளப் எரிந்தது. 25 பேர் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் ஆட வந்தவர்கள் இல்லை. கீழ்த்தளத்துச் சமையலறையில் வேலை பார்த்தவர்கள். ஜார்க்கண்ட், அசாம், உத்தராகண்ட், நேபாளம் என்று எங்கிருந்தோ பிழைக்க வந்த பிள்ளைகள். புகை மூடியது, வெளியேற வழியில்லை. சாம்பல் ஆறுவதற்குள் முதலாளிகள் தாய்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டார்கள். அவர்களுக்கு மட்டும் அவசர வழி ஒழுங்காக வேலை செய்திருக்கிறது! பீர் விலைக்கும் பேஸுக்கும் மார்க் போடுகிறவர்களே, அந்தச் சமையலறைக்கு எத்தனை மார்க் போட்டீர்கள்?

நாங்களும் கைகழுவ முடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில், எங்கள் மிஷன் வீதி ரெஸ்டோ பார் ஒன்றில், நள்ளிரவு தாண்டிய தகராறில் ஒரு கல்லூரி மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். ஊர் சுற்ற வந்த பிள்ளை பிணமாகத் திரும்பிப் போனது. அந்த நேரத்தில் கடை ஏன் திறந்திருந்தது என்ற கேள்வியால் யாருக்கும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. தூக்கம் கெடுவதெல்லாம் கடைக்குப் பின்பக்கத்து வீட்டில்தான்.

ஆகவே அரசுக்கு ஒரு யோசனை, செலவே இல்லாதது. பெர்லின் மாதிரி நிதியெல்லாம் உங்களால் ஆகாது. உரிமத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரியும் அதற்குச் சிபாரிசு செய்யும் எம்.எல்.ஏ.வும் அந்த பாரை ஒட்டிய வீட்டில் ஒரு மாதம் குடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே வயசான அம்மாவும் பிளஸ் டூ படிக்கும் பிள்ளையும் வரட்டும். ஏ.சி. போட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்ளக் கூடாது. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு ஏ.சி. கிடையாது. ராத்திரி ஒரு மணிக்குச் சுவரில் மாட்டிய படம் ஆடினால் 100க்குப் போன் பண்ணலாம். தன் பெயர், பதவி எதையும் சொல்லாமல்.