பையன் என்ன துணியா?

ஏனுங்க மாப்ள, நேத்து சிக்கண்ணா காலேஜ் கிரவுண்டுல அம்பயரை வெளுத்து வாங்குனீங்களாமா, ஊரே பேசுது. நல்ல காரியமுங்க. 11 வயசுப் பையனுக்கு எல்.பி.டபிள்யூ. குடுத்தா அப்பன் கேக்காம வேற ஆரு கேக்கறது? பையன் தலையத் தொங்கப்போட்டுட்டு உங்க காருக்குப் பின்னால நின்னானாமா. அதையெல்லாம் பாத்துட்டிருந்தா கப்பு வருமுங்களா?

நார்வேன்னு ஒரு நாடு. நம்ம திருப்பூர் ஜில்லா மாதிரி ரெண்டச் சேத்தா கிட்டத்தட்ட அவிய சனம். அங்க விளையாட்டுச் சங்கத்துக்காரங்க பொழைக்கத் தெரியாதவிய. 11 வயசு ஆகற வரைக்கும் பசங்களுக்கு ரேங்க் லிஸ்ட்டே போடக்கூடாதுன்னு விதி வெச்சிருக்கறாங்க. இப்பிடி வளத்தா உருப்படுமா? 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ல பாவம், 16 தங்கந்தான் கெடச்சுது. வேற எந்த நாட்டுக்கும் அத்தன கெடைக்கலீங்கறது வேற விசயம்.

அது பனி பெய்யற ஊரு, உடுங்க. நம்ம சேலத்துப் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன், இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பந்துலயே ஆடிட்டிருந்தவரு. 2015-ல ரஞ்சிக்கு எறங்குன மொத மேட்ச்சுலயே பந்து போடற கை சரியில்லைன்னு புகார். நீங்களா இருந்தா அன்னிக்கே பையன ஓவர்லாக் மிஷின்ல உக்கார வெச்சிருப்பீங்க. அந்த மனுசன் கைய மாத்திப் பழகி, 2020-ல நெட் பவுலரா ஆஸ்திரேலியா போயி, அதே டூர்ல மூணு வகை மேட்ச்சும் இந்தியாவுக்கு ஆடிட்டு வந்தாரு. அப்ப வயசு 29.

பனியன் தொழில்ல நீங்க பழம் தின்னு கொட்டை போட்டவிய. ரோலப் பிரிச்ச கையோட துணிய வெட்டுவீங்களா? இழுப்புத் தணியட்டும்னு விரிச்சு ஆறப்போட்டுத்தானே கத்திய வெப்பீங்க. அவசரத்துல வெட்டுன பீஸு செக்கிங்ல டேப்புக்கு அச்சாப் பொருந்தும். ஒரு தண்ணி பட்டதும் மேல ஏறித் தொப்புளு தெரியும். அப்பறம் காதர்பேட்டைல கெடைச்ச வெலைதான். துணிக்கு உங்ககிட்ட அத்தன பொறுமை. சரித்தான், பையன் என்ன துணியா?

போன வாரம் தோட்டத்துக்கு வந்தவன் களத்துச் செவுத்துல சாக்பீஸ்ல ஸ்டம்பு வரைஞ்சு, முன்னங்கால எங்க வெக்கறதுன்னு பொழுதுக்கும் பழகிட்டிருந்தான். தப்பானா அவனே சிரிச்சுக்கறான். என்ன கருமமோ, நீங்க இல்லாதப்ப நல்லா ஆடறானுங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்கு நானே கூட்டிட்டுப் போறன். உங்களுக்குத்தான் ஷிப்மெண்ட் இருக்குமே. இல்லீனாலும் இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க.